பங்கிட உகந்த பேரெண்: பழவேற்காட்டுப் பாடும் இராமானுஜனின் கணக்கும்

சென்னைப் பட்டணத்திற்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளுள் இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த இடம் இதற்கே. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்கோடி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. வங்கக் கடலையும் ஏரியையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரித்து நிற்க, பழவேற்காட்டை ஒட்டிய முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து போகிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிபம் செய்த ஊர் இது. பழமையான பள்ளிவாசல்களும் முஸ்லிம் தெருக்களும் ஒருபுறம். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய மீனவக் குப்பங்கள் மறுபுறம்.

இந்த ஏரியின் மீனவர்களிடையே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் நிலவி வருகிறது. அதற்குப் "பாடு" என்று பெயர். இறாலும் மீனும் நிறைய விழும் இடங்கள் ஏரியில் எங்கும் கிடைத்துவிடுவதில்லை. நீரோட்டம் பாயும் சில இடங்களில்தான் வலை கட்டினால் பலன் உண்டு. பலம் படைத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலையிட வேண்டும் என்பதை முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் ஊரே தீர்மானிக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். இன்று காத்திருந்தவருக்கு நாளை வாய்ப்பு. இவ்வழக்கத்தின் சிறப்பைக் கண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் இதைப் பற்றித் தனி ஆய்வு நூலே வெளியிட்டது.

மீனவர்களின் பாட்டுக்கும் கணித மேதைகளின் பேரெண்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசக நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஒன்றைப் பலருக்குக் குறைவின்றிப் பங்கிடுவது எப்படி என்னும் கேள்வியே இரண்டுக்கும் அடிப்படை.

மூன்று குழுக்களும் பதினைந்து திதிகளும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் மிகுந்திருக்கும். முகத்துவாரத்தில் நீரோட்டமும் வலுக்கும். பிறை எட்டு, ஒன்பது தேய்ந்து வரும் நாட்களில் ஓட்டம் தளர்ந்துவிடும். ஒரு பட்சத்திற்குப் பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்திற்கு மூன்று குழுக்கள் பங்காளிகள். நாளுக்கு ஒரு குழுவாக முறை வருகிறது.

முதல் குழுவுக்கு 1, 4, 7, 10, 13-ஆம் நாட்கள். பதினைந்து நாள் முடிந்து அடுத்த பட்சம் பிறந்தால்? மீண்டும் அதே 1, 4, 7, 10, 13-ஆம் நாட்களே முதல் குழுவுக்கு வரும். ஆண்டு முழுதும் சுற்றினாலும் இந்த ஒழுங்கு மாறாது. பட்சத்தின் முதல் நாள் யாருக்கு விழுந்ததோ அவருக்கே அது நிலைத்துவிடும். நாள் எண்ணிக்கையில் மூவருக்கும் சமம். கிடைக்கும் மீனில் சமம் இல்லை!

காரணம் எளிது. 15 என்பது 3-ஐயும் 5-ஐயும் பெருக்கி வந்த எண். குழுக்களின் எண்ணிக்கையான 3 அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. குழுக்கள் ஆறு என்றாலும் இதே இடர்தான். 6-க்கும் 15-க்கும் 3 பொதுக் காரணியாக இருப்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்தில் ஐந்து திதிகளே மாறி மாறி வரும். குழுக்கள் ஏழாயின் நிலைமை வேறு. 7-க்கும் 15-க்கும் பொதுக் காரணி ஏதுமில்லை. 105 நாட்களில் ஒவ்வொரு குழுவும் பதினைந்து திதிகளையும் ஒரு முறை தொட்டுவிடும்.

மூன்று குழுக்களே இருந்தால் வழியே இல்லையா? உண்டு. ஒவ்வொரு பட்சம் தொடங்கும்போதும் வரிசையை ஓரிடம் நகர்த்திவிட்டால் போதும். மூன்று பட்சங்களில் மூவருக்கும் எல்லா நாட்களும் வந்துவிடும். அல்லது சீட்டுக் குலுக்கலாம். உண்மையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 14¾ நாட்களே ஆகையால், வானத்துப் பிறையும் தன் பங்குக்கு வரிசையைச் சற்று நகர்த்தித் தருகிறது. எனினும் கணக்கறியாமல் வகுத்த முறை, நேர்மையான எண்ணத்தோடு வகுக்கப்பட்டாலும் அநீதியில் முடியக்கூடும் என்பதை இந்த உதாரணம் உணர்த்துகிறது.

எண்களின் செங்கற்கள்

1-ஆலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என அவை நீண்டுகொண்டே செல்லும், முடிவில்லை. மற்ற எண்கள் யாவும் பகா எண்களைப் பெருக்கி உண்டானவையே. வீடு செங்கற்களால் ஆனது போல எண்கள் பகா எண்களால் ஆனவை. ஒரு வேறுபாடு: அதே செங்கற்களைக் கொண்டு வேறு வீடும் கட்டலாம், ஆனால் ஒரு தொகுதிப் பகா எண்களைப் பெருக்கினால் கிடைப்பது ஒரே எண்தான்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீகத்தில் வாழ்ந்த கமாலுத்தீன் அல் ஃபாரிஸி, ஒவ்வொரு பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்க முடியும் என்பதை நிறுவியவர். வானவில்லின் தோற்றத்தை விளக்கியவரும் இவரே. 9-ஆம் நூற்றாண்டின் அறிஞர் தாபித் இப்னு குர்ரா கண்ட விதியை ஆராய்ந்த அல் ஃபாரிஸி, 17,296, 18,416 என்னும் இணையை எடுத்துக்காட்டினார். முதலாவதன் சிறிய வகுஎண்களைக் கூட்டினால் இரண்டாவதும், இரண்டாவதன் வகுஎண்களைக் கூட்டினால் முதலாவதும் வரும். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவற்றை "நேச எண்கள்" என்றனர். ஐரோப்பாவில் இதே இணையைப் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 1636-இல்தான் கண்டார்.

துறைமுகக் குமாஸ்தா கண்ட எண்

பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே வங்கக் கடலோரத்தில், சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் 1912-ஆம் ஆண்டு மாதம் 30 ரூபாய் சம்பளத்திற்கு ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் அவர். 1914 மார்ச்சில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே, 1915-இல், இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிகமான வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. மிகுபகு எண்கள் என்று அவற்றைத் தமிழில் கூறலாம். இந்தக் கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

12-ஐப் பாருங்கள். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் மீதியின்றி வகுபடும். 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. ஆகவே 12 மிகுபகு எண். 24, 36, 48, 60, 120, 360 ஆகியனவும் அவ்வாறே. நாளை 24 மணியாகவும், மணியை 60 நிமிடமாகவும், வட்டத்தை 360 பாகையாகவும் முன்னோர் வகுத்ததில் பொருள் உண்டு. அவை பங்கிட எளிய எண்கள்.

இராமானுஜன் தம் பட்டியலைக் கடைசியாக எந்த எண்ணில் நிறுத்தினார் தெரியுமா? 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பதின்மூன்று இலக்கங்கள்! கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டுக் கண்ட எண். இதைப் பகா எண்களாகப் பிரித்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று எனக் கிடைக்கும். இவற்றைப் பெருக்கிப் பார்க்கும் பொறுமை உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒரு மாலை நேரம் நல்ல முறையில் கழியும்.

இந்த எண்ணை எத்தனை எண்கள் மீதியின்றி வகுக்கும்? ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. ஒரு வகுஎண்ணில் 2 என்னும் காரணி ஒன்றும் இல்லாமலோ, ஆறு வரையோ இருக்கலாம், ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள். 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் இவ்விரண்டு. 7, 5, 3, 3 இவற்றைப் பெருக்கினால் 315. அதனை ஐந்து முறை இரட்டித்தால் 10,080. பத்தாயிரத்து எண்பது வகைகளில் இவ்வெண்ணைச் சமமாகப் பங்கிடலாம்! ஒருவர் முதல் 28 பேர் வரை எத்தனை பங்காளிகள் வந்தாலும் மீதி விழாது. 29-ஆவது ஆள் வந்தால்தான் கணக்கு இடறும்.

எண் பெரிதாக இருப்பதால் மட்டும் இந்தச் சிறப்பு வந்துவிடவில்லை. ஒரு லட்சம் கோடி, அதாவது 1-க்குப் பின் பன்னிரண்டு சுழி. இதுவும் பதின்மூன்று இலக்க எண்ணே. ஆனால் 2, 5 என்னும் இரண்டே பகா எண்களால் ஆனதால் 169 வகுஎண்களே உள்ளன. மூவருக்குக்கூட இதனைச் சமமாகப் பங்கிட முடியாது. இன்னொன்று, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. சுவிஸ் நாட்டு அறிஞர் ஆய்லர் 1772-இல் இது பகா எண் என்று நிறுவினார். இருநூறு கோடிக்கு மேற்பட்டதாயினும் இருவருக்குக்கூடப் பங்கிட இசையாத எண்!

மிகுபகு எண்களின் அமைப்பில் இராமானுஜன் ஓர் ஒழுங்கைக் காட்டினார். பகா எண்கள் இடையில் விடுபடாமல் 2, 3, 5, 7 என வரிசையாக வரும். சிறிய பகா எண் பலமுறை வரலாம். பெரியது அதைவிட மிகுதியாக வராது. காரணம் இதுதான். ஒரு 2, இரண்டு 3 இவற்றின் பெருக்கம் 18. இரண்டு 2, ஒரு 3 இவற்றின் பெருக்கம் 12. இரண்டிற்கும் ஆறு வகுஎண்களே. குறைந்த எண்ணிலேயே அதே வசதி கிடைக்கும்போது பெரிய எண் எதற்கு? மேலும், 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக, இத்தகைய எண்களின் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் அவர் நிறுவினார்.

மேதைகளும் மனிதர்களே. இராமானுஜனின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வியப்பு என்னவெனில் இதனை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே கிடைக்கிறது! அவருடைய ஆய்வின் ஒரு பகுதி அக்காலத்தில் அச்சேறாமல் நின்றுவிட்டது. அப்பகுதி 1997-இல்தான் விளக்கக் குறிப்புகளுடன் வெளிவந்தது. அவரோ 1920-இல், 32 வயதிலேயே, சென்னையில் காலமாகிவிட்டார்.

இருபத்து நான்கு என்னும் எண்

நம் இல்லங்களில் பங்கிடும் கணக்கு மிக அவசியமாவது வாரிசுரிமையின்போதுதான். அந்நிஸா அத்தியாயத்தில் குறிப்பிடப்படும் பங்குகள் பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகியன. 2, 3 என்னும் இரு பகா எண்களே இவை அனைத்திற்கும் அடிப்படை. அரைக்காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்து வந்தால் 24 பங்காக வகுப்பர். அல் குவாரிஸ்மி 9-ஆம் நூற்றாண்டில் இயற்றிய இயற்கணித நூலில் வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே பெரும்பகுதியை ஒதுக்கினார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, தாய், தந்தை, ஒரு மகன், இரு மகள்கள் உள்ளனர். கடன் முதலியன போக எஞ்சியது 9,60,000 ரூபாய். 24 பங்கில் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4. மீதி 13 பங்கு பிள்ளைகளுக்கு. மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று என நான்கு கூறு. 13-ஐ நான்காக வகுத்தால் மீதி விழுகிறது.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் பலவற்றில் தவறு நடக்கிறது. "சில்லறைக் கணக்கு எதற்கு? தங்கச்சிமார்களுக்கு ஆளுக்கு மூன்று போதும், மீதி ஏழும் தம்பி எடுத்துக்கொள்ளட்டும்" என்று பெரியவர் ஒருவர் முடித்து வைப்பார். எல்லோரும் தலையசைப்பர். ஒரு பங்கு 40,000 ரூபாய் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மகளுக்கும் உரியது மூன்றேகால் பங்கு. சில்லறை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கால் பங்கு 10,000 ரூபாய். இரு சகோதரிகளிடமிருந்தும் 20,000 ரூபாய் சத்தமின்றிச் சகோதரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஆலிம்கள் மதரஸாக்களில் கற்கும் ஃபராயிழ் கலை இதற்கு வழி வகுத்திருக்கிறது. இரண்டு எண்களுக்குள்ள உறவை நான்காகப் பிரித்து அவர்கள் நோக்குவர். சமமாயிருப்பது தமாதுல். ஒன்று மற்றொன்றில் அடங்குவது ததாகுல். பொதுக் காரணி இருப்பது தவாஃபுக். பொதுக் காரணியே இல்லாதது தபாயுன். 13-க்கும் 4-க்கும் தபாயுன். ஆகவே 24-ஐ 4-ஆல் பெருக்கி 96 பங்காக்குவர். மனைவிக்கு 12, தாய்க்கு 16, தந்தைக்கு 16, மகனுக்கு 26, மகள்களுக்குப் 13, 13. கூட்டினால் 96. ஒரு பங்கு 10,000 ரூபாய். மீதியும் இல்லை, வழக்கும் இல்லை. பாட்டுக் குழுக்களின் திதிக் கணக்கில் நாம் கண்ட அதே பொதுக் காரணிதான் இங்கும் நியாயத்தைக் காக்கிறது.

நம் பாட்டனார் காலத்து ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. அரைக்கால் என்றால் 2 அணா. ஆறில் ஒன்று என்றால் 2 அணா 8 பை. மூன்றில் ஒன்று 5 அணா 4 பை. எதிலும் மீதி விழாது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தபின் ரூபாய்க்கு 100 பைசா ஆயிற்று. எண்ணுவது எளிதாயிற்று, ஆனால் 100-ஐ மூன்றாலும் எட்டாலும் வகுத்தால் மீதி விழத்தான் செய்கிறது.

பிரிக்க முடியாமையின் பயன்

பங்கிட எளிய எண்ணுக்குச் சிறப்பு உண்டெனில், பிரிக்கக் கடினமான எண்ணுக்கும் ஒரு பயன் உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் தந்து, மூல எண்கள் எவை என்று கேட்டால் விடை காண்பது மிகக் கடினம். இந்த வேறுபாட்டையே பூட்டாகப் பயன்படுத்தும் முறையை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் 1977-இல் கண்டனர். அப்போது 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, அதன் காரணிகளைக் கண்டு மறைசெய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றனர். கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று அன்று மதிப்பிடப்பட்டது. ஆனால் 1994-இல், உலகெங்கும் சுமார் 600 பேர் தத்தம் கணிப்பொறிகளை இணைத்து உழைத்து, 64 இலக்கமும் 65 இலக்கமும் உள்ள இரு பகா எண்களைக் கண்டுவிட்டனர். 2020-இல் 250 இலக்க எண்ணும் பிரிக்கப்பட்டது. இன்று இத்தகைய பூட்டுகளுக்கு 617 இலக்க எண்கள் பயன்படுகின்றன. அவை இன்னும் அசையவில்லை.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிவதற்கு, எவ்வளவு பெரிய எண்ணாயினும் விரைவாகவும் ஐயமின்றியும் செயல்படும் ஒரு வழியை 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டு உலகை வியக்கவைத்தனர். கயலும் சக்சேனாவும் அப்போது இளம் மாணவர்கள். ஆனால் அவர்களுடைய முறை "இது பகு எண்" என்று சொல்லுமேயன்றி, அதன் காரணிகள் எவை என்று காட்டித் தராது. பூட்டு இன்னும் பூட்டாகவே இருக்கிறது. இறால் விற்ற பணம் கைப்பேசி வழியே ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் பத்திரமாகச் செல்வதன் பின்னணியில் இத்தகைய எண்களின் காவலும் உண்டு.

கணக்குக்கு அப்பால்

பழவேற்காட்டுப் பாட்டில் இன்று சிக்கல்கள் இல்லாமல் இல்லை. பரம்பரையாகப் பாட்டுரிமை பெற்ற குப்பங்கள் சில; அந்த உரிமையில்லாமல் அதே ஏரியை நம்பி வாழ்வோரும் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகும்போது ஏரிக்குள் வரும் நீரும் குறைகிறது, மீனும் குறைகிறது. மீன் குறையும்போது பங்குச் சண்டை மிகுகிறது. எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால், மீதியின்றிப் பங்கிடக் கணிதம் வழி காட்டும். யார் யார் பங்காளிகள் என்பதை மட்டும் அது சொல்லாது. அதனை மனிதர்களே மனச்சாட்சியோடு தீர்மானிக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கும் அப்படித்தான். 24-ஐ 96 ஆக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். மணமாகிப் போய்விட்ட சகோதரியையும் பங்காளி என்று எண்ணி உட்காரவைப்பதற்குத்தான் மனம் வேண்டும். அடுத்த முறை உங்கள் இல்லத்தில் பாகப்பிரிவினை நடக்கும்போது, "சில்லறைதானே" என்று யாரேனும் சொன்னால், அந்தச் சில்லறை யாருடையது என்று ஒரு கேள்வி கேளுங்கள். காகிதமும் பென்சிலும் எடுத்து, மீதி விழாத எண் வரும்வரை கணக்கைப் போடுங்கள்.